தவறான முகம்

பிரிக்ஃபீல்ட்ஸ்
16 மார்ச் 2025

உர்சுலா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் ஒரு மணி அடித்து அறுந்துபோகிறது. தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். நான் கடைசியாகக் கையால் எழுதியது ஷாமினியின் கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம்தான். முதல் உறை கிள்ளானுக்கு, உன் பெயருக்குப் போனது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

புதிதாக வந்த அந்தக் கேமராவை விநியோகஸ்தரிடம் இரவல் வாங்கி வந்து, என் மகள் கல்யாணத்தில் வைத்து நீ பரீட்சித்துப் பார்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை. படம் எடுக்கும் பொறுப்பு மார்வினுடையது. அவன் என் போட்டோக் கடை ஆள், சம்பளம் வாங்குகிறான். நீ ஆசைக்கு எடுத்தாய். “நான் பொண்ணு பக்கம் நிக்கிறேண்ணே, பழைய மாதிரி” என்று நீ சொன்னபோது பந்தியைப் பார்ப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இணையத்தில் உன் கேமரா விமர்சனப் பக்கத்தில் நீ செய்திருக்கும் வேலையைப் பார். தாலி கட்டும் நேரத்துப் படம். முன்னால் ஷாமினியின் முகம் மங்கல். பின்னால் நிற்கும் என் முகம் மட்டும் பளிச்சென்று, மீசை மயிர் எண்ணுகிற மாதிரி. அந்த மூஞ்சியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, ‘தவறான முகம்’ என்று எழுதியிருக்கிறாய். ஷாமினியிடம் கேட்டுத்தான் போட்டாயாம், அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாளாம். என்னைக் கேட்டாயா? பெண்ணைப் பெற்றவன் அங்கே நிற்காமல் வேறு யார் நிற்பது? செந்தூல் மாமாவில் தொடங்கி மண்டபத்தில் சாம்பார் ஊற்றியவர் வரை எல்லாரும் இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “என்ன தவறான முகம், சாப்பிட்டாச்சா?”

கேலி போகட்டும். விமர்சனமே நியாயம் இல்லை என்பதுதான் என் சண்டை. அன்று காலையிலிருந்து நீ எடுத்த படங்களில் பெரும்பாலானவை தெளிவாக வந்திருக்கின்றன. மாலை மாற்றியது, மெட்டி போட்டது எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. பிசகிய சிலதை மட்டும் பொறுக்கி வரிசையாக அடுக்கிவிட்டு, ‘இந்த ஆட்டோஃபோகஸை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போகாதீர்கள்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அதனால்தான் கீழே கருத்துப் பெட்டியில், ‘இது நியாயமான விமர்சனம் இல்லை, நான் அங்கே இருந்தேன்’ என்று எழுதினேன். அதற்காக முப்பது வருடப் பழக்கத்தை ஒரு பொத்தானில் அமுக்கிவிடுவதா?

கமலநாதன்


கிள்ளான்
25 மார்ச் 2025

கமல் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது.

முதலில் பிளாக். நீங்கள் கருத்து எழுதியதற்காக நான் அதைச் செய்யவில்லை. எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிடாததற்காகச் செய்தேன். யாரோ ஒருவர் திட்டியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன், தினமும் திட்டுகிறார்கள். ‘கமலநாதன், பிரிக்ஃபீல்ட்ஸ்’ என்ற பெயரைப் பார்த்துத்தான் அந்தப் பொத்தானை அமுக்கினேன். உர்சுலாவோடு சேர்ந்து வேலை செய்தவரே சொல்லிவிட்டார் என்று ஊரெல்லாம் அந்த இரண்டு வரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனிக்கும் வளைந்து கொடுக்காதவள் என்ற பெயர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதில் நீங்கள் கை வைத்துவிட்டீர்கள்.

இரண்டாவது, நியாயம். கேமரா கம்பெனிகள் எப்படிப் பரீட்சை செய்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். நல்ல வெளிச்சம், நின்ற இடத்தில் சிரிக்கும் ஒரு மாடல். அங்கே எந்தக் கேமராவும் நன்றாகத்தான் வேலை செய்யும். நம் கல்யாணத்தில் ஹோமப் புகை இருக்கிறது, வீடியோக்காரரின் விளக்கு இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் அட்சதை பறக்கிறது, கைபேசியைத் தூக்கிக்கொண்டு மூன்று அங்கிள்கள் குறுக்கே பாய்கிறார்கள். அதற்குள் மணப்பெண்ணைப் பிடிக்கத் தெரியாத கேமராவுக்கு இவ்வளவு விலை எதற்கு?

பெரும்பாலானவை தெளிவாக வந்தன என்கிறீர்கள். வந்தன, அதையும் எழுதியிருக்கிறேன், நீங்கள் கோபத்தில் அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டீர்கள். மெட்டி போடுவதைத் தவறவிட்டால் இன்னொரு தடவை போடச் சொல்லலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? அந்த ஒரு நிமிடத்தில் காலை வாரும் கேமரா மற்ற நேரமெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்து எனக்கு என்ன பயன்?

‘தவறான முகம்’ என்று எழுதியது உங்களைப் பற்றி இல்லை. ஃபோகஸ் போக வேண்டிய முகம் அது இல்லை என்றுதான் அர்த்தம். தொழில் தெரிந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

வெளியிட்ட விமர்சனத்தை நான் இதுவரை மாற்றியதில்லை. இதையும் மாற்ற மாட்டேன்.

உர்சுலா


பிரிக்ஃபீல்ட்ஸ்
6 ஏப்ரல் 2025

உர்சுலா,

கூப்பிடாமல் எழுதியது என் தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மற்றதில் ஒரு அங்குலம் விட மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நம் பழைய ஸ்டூடியோ இருந்த வரிசைப் பக்கம் நடந்து போனேன். கீழே துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். மாடிப்படி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் படியில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நீ முனகாத நாள் உண்டா? மேலே ஜெயராஜ் முதலாளி விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, நமக்கு மட்டும் கரண்டை மிச்சப்படுத்துவார். முன்மேசையில் தனம் ஆல்பத்துக்குப் படங்களின் மூலையை வெட்டிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்க்கத்தான் நான் ஓயாமல் ஃபிலிம் ரோல் கேட்டு வருகிறேன் என்று முதலில் கண்டுபிடித்தவள் நீ. ‘ரோல் வேணுமா, தனம் வேணுமா’ என்று வேனில் எல்லார் முன்னாலும் கேட்டு என் மானத்தை வாங்கினாய்.

அப்போது நாம் எப்படி எடுத்தோம்? சனி, ஞாயிறு என்றால் முதலாளியின் வேனில் பந்திங், கோலசிலாங்கூர், எங்கே தோட்டத்தில் கல்யாணமோ அங்கே போவோம். நான் மாப்பிள்ளை பக்கம், நீ பெண் பக்கம். பிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற நேரம் எடுக்கும். ஆகையால் கெட்டி மேளத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு படம். மேளம் ஏறும்போதே லென்ஸ் வளையத்தைக் கையால் திருகி, முகத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். படம் கழுவி வரும்வரை தூக்கம் வராது. உன் படம் ஒன்றுகூட மங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை.

தப்பு, ஒன்று உண்டு. என் கல்யாணம். உன் பிளாஷ் அன்று பார்த்து வேலைநிறுத்தம் செய்தது. முதலாளியோ மாப்பிள்ளை பக்கம் நிற்க வேண்டிய நேரத்தில் வீடியோக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். இருந்த வெளிச்சத்தில் லென்ஸை முழுக்கத் திறந்து நீ எடுத்த அந்த ஒரு படம்தான் எங்கள் தாலிப் படம். தனம் கண்ணிமை வரை தெளிவாக இருப்பாள், பக்கத்தில் நான் வெறும் கலங்கல். அவள் சாகும்வரை ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லுவாள். “எனக்குத் தாலி கட்டுனது யாரோ ஒரு ஆளு. யாருன்னு உர்சுலாவுக்குத்தான் தெரியும்.” நீயும் அவளும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். 2021 வெள்ளத்தில் பூச்சோங் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அந்த ஆல்பமும் ஊறிப்போனது. அதன் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, அவள் குரலில் அந்தக் கேலியைக் கேட்டும் ஆறு வருடம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், கையால் ஃபோகஸ் செய்தவள் நீ. கேமரா தடுமாறியது என்றால் ஆட்டோவை அணைத்துவிட்டு வளையத்தைத் திருக உனக்கு என்ன கேடு? இருட்டு மண்டபத்தில்கூட முகத்தைப் பிடிக்கிற கண் உன்னுடையது. அன்றைக்கு மட்டும் அந்தக் கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய்? சோம்பேறித்தனத்தை உன்னிடம் வைத்துக்கொண்டு பழியைக் கேமரா மேல் போட்டால் அது எந்த ஊர் நியாயம்?

கமலநாதன்


கிள்ளான்
20 ஏப்ரல் 2025
உயிர்ப்பு ஞாயிறு

அண்ணே,

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். இன்றைக்குப் பொய் சொல்லக் கூடாது.

நான் சோம்பேறி இல்லை. வலது கண் போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரை. எனக்கு அது இருப்பது உங்களுக்குத் தெரியும், ஸ்காட் ரோட்டில் அதிரசம் வாங்கித் தந்துவிட்டு, “ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது லா” என்று சொன்னவர் நீங்கள்தான். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் ஒன்றோடு நிறுத்தியதில்லை. இரண்டு வருடமாகக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஓரங்கள் தெரிகின்றன, நடுவில் மட்டும் ஈரமான கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்த மாதிரி இருக்கிறது. நான் கேமராவின் வியூஃபைண்டரில் வைக்கும் கண் அது, இடதும் தூரத்தில் முகம் பிடிக்காது.

கேட்டீர்களே, அன்றைக்கு அந்தக் கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய் என்று. அதே முகத்தில்தான் இருந்தது அண்ணே. ஷாமினி மணவறையில் உட்கார்ந்ததும் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. புடவையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் பிடித்தேன்.

ஆட்டோஃபோகஸ் பற்றி நான் ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்று இப்போது புரிகிறதா? உங்களுக்கு அது ஒரு வசதி, எனக்கு அதுதான் கண். இந்தப் புது கேமரா வந்தபோது இது என்னைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். ஆளை அடையாளம் கண்டு தானே தொடர்ந்து போகும் என்றார்கள். இது வேலை செய்தால் நான் மறுபடி கல்யாணங்களுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருந்தேன். தனத்தின் மகளுக்குச் செய்வதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது என்றும் நினைத்தேன். அது என்னைக் கைவிட்டது. ‘இதை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போகாதீர்கள்’ என்ற வரியை நான் வாசகர்களுக்கு எழுதவில்லை. எனக்கு எழுதிக்கொண்டேன். ஷாமினியின் கல்யாணம்தான் நான் எடுத்த கடைசிக் கல்யாணம்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். கண் தெரியாதவளின் விமர்சனத்தை யார் படிப்பார்கள்? இனிமேல் இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

உர்சுலா


பிரிக்ஃபீல்ட்ஸ்
11 மே 2025

உர்சுலா,

எழுத வேண்டாம் என்றாய். மன்னித்துக்கொள், எழுதியே ஆக வேண்டும்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு மார்வினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். அந்த ‘கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தாய்’ என்ற வரியைத் தபாலில் போட்ட கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தனம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் சோறு போட்டிருக்க மாட்டாள். என்னை மன்னித்துவிடு.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உன்னை அந்தக் கேமரா உண்மையிலேயே கைவிட்டதா என்று என் கையால் தொட்டுப் பார்க்காமல் மனம் ஆறவில்லை. நீ திருப்பிக் கொடுத்த அதே இரவல் கேமரா அடுத்து யாரிடம் போனது என்று விசாரித்தேன். ஸ்ரீ கெம்பாங்கானில் கேவின் என்று ஒருவர், உன்னைப் போலவே விமர்சனம் எழுதுகிறவர். உன் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறாராம், உன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். அவருடைய விமர்சனத்தில் அதே கேமராவின் ஆட்டோஃபோகஸுக்கு ஏகப்பட்ட பாராட்டு. அவர் மாடல் வைத்து எடுக்கவில்லை, தைப்பூசம் மாதிரிக் கூட்டம் வந்த ஒரு கோயில் திருவிழாவில் எடுத்திருக்கிறார். உனக்கு ஒரு மாதிரி, அவருக்கு ஒரு மாதிரி ஏன் வேலை செய்தது?

நான் அவர் வீட்டுக்குள் போனதும் கேவின் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “அங்கிள், நீங்கதானா அது?” என்றார்.

கேமராவைத் திறந்து மெனுவுக்குள் ஓர் இடத்தைக் காட்டினார். நமக்கு வேண்டிய ஆட்களின் முகத்தை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கும் இடம். பதிவு செய்தால் எவ்வளவு கூட்டத்திலும் கேமரா அந்த முகத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்குமாம். அங்கே முதல் இடத்தில் நான் இருக்கிறேன், உர்சுலா. என் மூஞ்சி. மீசையில் தே தாரேக் டீயின் நுரை வேறு.

இப்போது ஞாபகம் வருகிறதா? கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேமராவைக் காட்டவென்று கடைக்கு வந்தாய். நான் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, ஆடாம நில்லுங்க, மூஞ்சிய பதிஞ்சு பார்க்கிறேன்” என்றாய். பார்த்தாய், சிரித்தாய், மூடினாய், பையில் வைத்துக்கொண்டு கோமுட்டர் ரயிலுக்கு ஓடினாய். அழிக்க மறந்துவிட்டாய். மண்டபத்தில் அந்தக் கேமராவுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஷாமினி யாரென்று நீ அதற்குச் சொல்லவே இல்லை. நீ காட்டிவைத்த ஆளைத்தான் அது புகையிலும் அட்சதையிலும் விடாமல் தேடியிருக்கிறது. கேவின் எடுத்த இடத்தில் நான் இல்லை, அதனால் அவருக்குப் பிரச்சனையும் இல்லை.

“டிலீட் பண்ண மனசு வரல அங்கிள், யாரோட அப்பாவோன்னு விட்டுட்டேன்” என்றார் கேவின். நல்ல மனுஷன்.

உன் விமர்சனம் நியாயமில்லை என்று நான் முதலில் சொன்னபோது வீம்புக்குச் சொன்னேன். இப்போது தெரிந்து சொல்கிறேன். அதை மாற்றுவதும் மாற்றாததும் உன் இஷ்டம், உன் பெயர் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் இனி எங்கேயும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேமரா உன்னைக் கைவிடவில்லை. அதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கமலநாதன்


கிள்ளான்
8 ஜூன் 2025

அண்ணே,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் உங்கள் மேல் எரிச்சல் வந்தது, அது உண்மை. அப்புறம் பயம் வந்தது. நீங்கள் சொன்னது சரியாக இருந்தால் என் பெயர் போய்விடும். நீங்கள் சொன்னது தப்பாக இருந்தால் என் கண் போனது போனதுதான். எதற்காக ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

கல்யாணத்தன்று எடுத்த எல்லாப் படங்களையும் பெரிய திரையில் போட்டு மறுபடி பார்த்தேன். முன்பு பார்த்தபோது ஷாமினியின் முகம் மங்கலாக இருக்கிறதா என்று மட்டும்தான் தேடியிருந்தேன். ஃபோகஸ் எங்கே போய் விழுந்தது என்று தாலிப் படத்தைத் தவிர வேறு எதிலும் பார்க்கவில்லை. பிசகிய படம் ஒவ்வொன்றிலும் நீங்கள் இருக்கிறீர்கள். ஓரத்தில், தூண் பக்கத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால். எல்லாவற்றிலும் தெளிவாக.

கேவினிடம் கேமராவைக் கேட்டு வாங்கினேன். என் தங்கை மகள் டீனாவின் முகத்தைப் பதிவு செய்துகொண்டு, ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் மாதா கோயில் வாசலில் நின்றேன். ஒரே நேரத்தில் கூட்டம் முழுவதும் படியில் இறங்கியது, குடை, பிள்ளைகள், ஸ்ட்ரோலர் எல்லாம் கலந்து. டீனா எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கேமராவுக்குத் தெரிந்தது. திரையில் சின்னக் கட்டம் ஒன்று கூட்டத்துக்குள் ஓடிப்போய் ஒரு முகத்தில் உட்கார்ந்தது. நான் அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் டீனா, கண்ணிமை வரை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா?

விமர்சனத்தை மாற்றிவிட்டேன். பழையதை அழிக்கவில்லை, அப்படியே விட்டு அதற்கு மேலே எழுதினேன்: ‘இந்த விமர்சனம் நியாயமற்றது. பிழை கேமராவுடையது அல்ல, அதைப் பயன்படுத்திய என்னுடையது.’ என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் விளக்கினேன், என் கண்ணைப் பற்றியும் எழுதினேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பாதிப் பேர், கம்பெனி என்னை விலைக்கு வாங்கிவிட்டது என்கிறார்கள். ‘எவ்ளோ கொடுத்தாங்க ஆன்டி’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வலிக்கிறது, வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்களுக்கும் இந்த மாதிரிக் கண் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பதிவு செய்வது என்று கேட்கிறார்கள்.

சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘மணமகளின் தந்தை’ என்று போட்டிருக்கிறேன்.

இத்துடன் ஒரு கட்டு படம் வைத்திருக்கிறேன். கேமரா என் பேச்சைக் கேட்காமல் எடுத்ததாக நான் குற்றம் சாட்டிய படங்கள். தனியாக ஒரு உறையில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டூடியோவை மூடியபோது நெகட்டிவ்களை ஜெயராஜ் முதலாளி குப்பையில் போடச் சொன்னார், நான் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். டீனாவின் உதவியோடு தேடினேன். கண்டுபிடித்தவள் அவள்தான். “ஆன்டி, இந்தப் படத்துல பொண்ணு தெரியுறாங்க, பக்கத்துல யாரோ ஒரு ஆளு” என்றாள். தனம் அறைக்குள் வந்த மாதிரி இருந்தது.

உர்சுலா


பூச்சோங்
22 ஜூன் 2025

உர்சுலா,

கட்டைக் கடையில் பிரிக்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, ஷாமினியையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பிரித்தோம்.

அன்றைக்கு நான் என்னவெல்லாம் செய்தேன் என்று எனக்கே தெரியாது. வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே சம்பந்தியை வரவேற்கிறேன். பாயசம் தண்ணீராக இருக்கிறது என்று சமையல்காரரிடம் கையை ஆட்டுகிறேன். ஒரு படத்தில் தூணில் சாய்ந்து தனியாக நின்று பக்கத்தில் இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்கிறேன். அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடாதே என்று நான்தான் மார்வினிடம் சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஷாமினி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பது வருடம் அடுத்தவர் கல்யாணங்களை எடுத்தேன். கல்யாண ஆல்பத்தைத் தவிர என் வீட்டு ஆல்பம் எதிலும் நான் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் படத்தில் எப்படி வருவான்? என்னை இவ்வளவு பார்த்த ஆள் தனத்துக்குப் பிறகு யாரும் இல்லை. நீ எனக்கு என்ன கொடுத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது.

கடைசியில் அந்தத் தனி உறையைத் திறந்தேன். இரண்டு தாலிப் படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீ அன்று எடுத்ததில் தனம் தெளிவாக இருக்கிறாள், பக்கத்தில் நான் கலங்கலாக இருக்கிறேன். நீ இன்று எடுத்ததில் நான் தெளிவாக இருக்கிறேன், முன்னால் அவள் சாயலில் ஒரு பெண் கலங்கலாக இருக்கிறாள். தனமும் நானும் ஒரே நேரத்தில் தெளிவாக விழுந்த படம் அந்த வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்றுகூட இல்லை, உர்சுலா. இருபத்தொன்பது வருடம் இடைவெளி விட்டு, பாதி பாதியாக நீ அதை எடுத்து முடித்திருக்கிறாய். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடையில் மாட்டப்போகிறேன். யாராவது மங்கல் என்று சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிள்ளானில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். மணப்பெண் பெயர் மலர்விழி. மார்வினுக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. இல்லை, பொய், நான்தான் அவனுக்கு வேறு வேலை கொடுத்தேன். நான் மாப்பிள்ளை பக்கம் நிற்கிறேன். பெண் பக்கம் காலியாக இருக்கிறது.

கமலநாதன்


கிள்ளான்
1 ஜூலை 2025

அண்ணே,

வருகிறேன். வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டேன், இருந்தாலும் இதைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

அந்த இரவல் கேமராவை விநியோகஸ்தர் செகண்ட்ஹேண்ட் விலைக்கு விற்கிறார் என்று கேவின் சொன்னார். நானே வாங்கிவிட்டேன். நேற்று மலர்விழியின் வீட்டுக்குப் போய், அவளை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து முகத்தைப் பதிவு செய்துகொண்டேன். முதல் இடம் அவளுக்கு.

உங்களை இரண்டாவது இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். அழிக்க மனம் வரவில்லை. அதனால் தாலி கட்டும்போது மட்டும் பெண்ணுக்குப் பின்னால் வந்து நிற்காதீர்கள்.

உர்சுலா